இல்லாத கம்பியின் கணக்கு

1

சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில், ஒரகடம் தாண்டி நிமிர்ந்து பார்த்தால் வானமெல்லாம் கம்பிதான். ஏரிக்குள் கால் வைத்து நிற்கும் டவர்கள், ஃபேக்டரி மதிலுக்குப் பின்னால் தலை தூக்கும் டவர்கள், இன்னும் பிளாட் போடாத புன்செய் நிலத்தில் தனியாக நிற்கும் டவர்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அது பாட்டுக்கு நிற்கிறது.

எனக்கு அந்தக் கம்பிகளைப் பார்க்கிற பழக்கம் 2012-ல் வந்தது. என் பெரியப்பா மகன் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். கார் கம்பெனிக்குப் பார்ட்ஸ் போடுகிற கம்பெனிக்குப் பார்ட்ஸ் போடுகிற இடம். பகலில் கரண்ட் எப்போது இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத வருஷம் அது. கரண்ட் இருக்கும் நேரத்துக்குத்தான் வேலை. சில நாள் ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பிப் போவார். சில நாள் போய்விட்டு, மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வருவார். அந்த நாளுக்குப் பாதிக் கூலி.

“டிஜி ஓட்டினா யூனிட்டுக்கு மூணு மடங்கு செலவாவுதுடா. ஓனரும் என்ன பண்ணுவாரு?” என்பார். ஒருநாள் அவரோடு வண்டியில் போகும்போது மேலே காட்டிக் கேட்டார். “அவ்ளோ பெரிய கம்பி நம்ம தலைக்கு மேல போவுது. அதுல போறதெல்லாம் எங்கதான் போவுது?”

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் கம்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? எதை வைத்து அளக்கிறார்கள்? அதைத் தேடிப் போனதில் தொண்ணூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது. இந்த மாநிலம் தன் மின்கம்பிகளை வேறு வேறு அளவுகோல்களால் அளந்து பார்த்திருக்கிறது. எல்லா அளவுகோலும் நிற்கிற கம்பியை அளந்தன. போட்டிருக்க வேண்டிய, ஆனால் போடாமல் விட்ட கம்பியை அளக்க ஒரு கோலும் இல்லை. அண்ணனின் பாதிக் கூலி அந்த இடைவெளிக்குள்தான் விழுந்தது.

2

சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித் துறை ஆரம்பித்தது 1927-ல். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மலையில் பிறக்கும் மின்சாரத்துக்கு மலையில் வேலை இல்லை. கோயம்புத்தூர் மில்களுக்கு இறங்க வேண்டும். அதனால் மின்நிலையத்தோடு சேர்ந்தே கம்பியும் வந்தது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். ஒவ்வொன்றும் தனித்தனி அருவியாக இல்லாமல் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்தன. ஓரிடத்தில் தண்ணீர் குறைந்தால் இன்னோர் இடம் தாங்கும். மாநில மின்தொகுப்பு என்று இன்று நாம் சொல்வதன் வேர் அது.

அன்றைய அளவுகோல் எளிமையானது. அரசு கடன் வாங்கிப் போட்ட முதலுக்கு வட்டி கட்டும் அளவுக்கு வருமானம் வருகிறதா? வந்தால் திட்டம் நல்ல திட்டம். வட்டிக்கடைக் கணக்குதான், ஆனால் கறாரான கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. தனியார் மின்கம்பெனிகள் எவ்வளவு லாபம் பார்க்கலாம் என்று அதன் ஆறாவது அட்டவணை வரம்பு போட்டது. பிற்பாடு அந்த வரம்பு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் என்று ஆனது. அரசு வாரியங்களுக்கு இருந்த கட்டளை, நஷ்டத்தில் ஓட்டாதே என்பது. 1985-லிருந்து அது இன்னும் கொஞ்சம் துல்லியமானது: இயங்கும் சொத்தின் மதிப்பில் குறைந்தது 3 சதவீதம் உபரி காட்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். லாபத்தைச் சொத்தின் சதவீதமாகச் சொன்னால், சொத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம் நியாயமாகிவிடும். நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலையை நூற்றைம்பது ரூபாயில் முடித்தவனுக்கு, நூற்றைம்பதுக்குச் சதவீதம் கிடைக்கும். இதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. நமக்கெல்லாம் ஈ.பி. என்ற இரண்டெழுத்தாகப் பழகிய அந்த வாரியம், சட்டம் கொடுத்த அளவுகோலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வைத்திருந்த உண்மையான அளவுகோல் வேறு: இந்த வருஷம் எத்தனை கிராமத்துக்குக் கம்பி போனது, எத்தனை பம்ப்செட்டுக்கு இணைப்பு கொடுத்தோம். அந்தக் கோலில் அளந்தால் வாரியம் இந்தியாவின் முன்வரிசையில் நின்றது. கவலை ஏற்றம் இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்தது அந்த எண்ணிக்கைதான். அதை யாரும் சின்னதாகப் பேசக் கூடாது.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கணக்கெடுத்துக் காசு வாங்கப் போவதில்லை என்றால் மீட்டர் எதற்கு? பம்ப்செட்டுகள் மீட்டர் இல்லாமல் ஓடின. விவசாயத்துக்கு எவ்வளவு போனது என்பது அளவையாக இல்லாமல் மதிப்பீடாக ஆனது. அது மதிப்பீடானால், வழியில் எவ்வளவு வீணானது என்பதும் மதிப்பீடுதான். பெரிய டவரில் போகும்போது இழந்தது எவ்வளவு, தெருக் கம்பத்தில் இழந்தது எவ்வளவு என்று பிரிக்கவும் யாருக்கும் அவசியம் இல்லை. உற்பத்தி, தொடரமைப்பு, பகிர்மானம் மூன்றும் ஒரே வாரியம், ஒரே பேலன்ஸ் ஷீட். பல பத்தாண்டுகள் நமக்குக் கிடைத்தது “மொத்த இழப்பு இத்தனை சதவீதம்” என்ற ஒற்றை எண். சமையல்காரர், பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவர் மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் சோறு எங்கே குறைந்தது என்று யார் கேட்பது?

3

ஈ.பி. பிறந்த அதே 1957-ல், இங்கிலாந்தில் எம். ஜே. ஃபேரல் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். உற்பத்தித் திறனை அளப்பது எப்படி என்பதுதான் தலைப்பே. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மின்சாரம் இல்லை, அமெரிக்க மாநிலங்களின் விவசாயம். ஆனால் இன்று உலகத்தில் எங்கே மின்கம்பெனியின் திறனை அளந்தாலும் அந்தக் கட்டுரையின் நிழல் அதில் விழும்.

அவர் சொன்னதை இட்லிக் கடையை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு ஊரில் பத்து இட்லிக் கடைகள். எல்லாருக்கும் ஒரே அளவு மாவு, ஒரே அளவு விறகு, ஒரே எண்ணிக்கை ஆட்கள். ஒரு கடை நூறு இட்லி தருகிறது. இன்னொரு கடை எண்பது. அப்படியென்றால் இரண்டாவது கடையின் திறன் 80 சதவீதம். இட்லி இவ்வளவுதான் வரவேண்டும் என்று புத்தகத்தில் எழுதிவைத்த கணக்கோடு ஒப்பிடவில்லை. உண்மையில் ஒருத்தர் செய்து காட்டியதோடு ஒப்பிடுகிறோம். செய்து காட்டியவர்களையெல்லாம் ஒரு கோட்டில் சேர்த்தால் அதுதான் எல்லைக் கோடு. அதிலிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பது உன் திறன் குறைவு.

அழகான யோசனை. ஆனால் ஊரில் ஒரே ஒரு கடைதான் என்றால்?

மின்தொடரமைப்பு அப்படிப்பட்ட கடை. ஒரே ஏரிக்குள் நாலு கம்பெனி நாலு வரிசை டவர் நடுவது பைத்தியக்காரத்தனம். அதனால் ஓர் ஊருக்கு ஒரு கம்பெனி என்றுதான் எங்கேயும் இருக்கும். போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கட்டுப்படுத்த ஒரு ஆணையம் உட்காரும். ஆணையம் கம்பெனியைப் பார்த்து, உன் செலவைக் காட்டு, அதற்கு மேல் நியாயமான லாபம் தருகிறேன் என்று சொல்லும்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையை 1962-ல் ஹார்வி அவெர்ச், லேலண்ட் ஜான்சன் என்ற இருவர் காட்டினார்கள். போட்ட முதலுக்குச் சதவீதம் தருவதாகச் சொன்னால் கம்பெனி தேவைக்கு மேல் முதலைப் போடும். முன்னால் சொன்ன நூறு, நூற்றைம்பது கதைதான் அது. அதற்கு மாற்றாக 1983-ல் பிரிட்டனில் ஸ்டீஃபன் லிட்டில்சைல்ட் ஒரு வழி சொன்னார்: செலவைப் பார்க்காதே, விலைக்கு உச்சவரம்பு போடு, வருஷா வருஷம் விலைவாசி உயர்வைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஏற்ற அனுமதி கொடு, மிச்சம் பிடித்தால் கம்பெனிக்கு லாபம். டெலிபோனுக்காகச் சொன்னது பிறகு மின்சாரத்துக்கும் வந்தது. பிரிட்டனின் முதல் மின்சார ஒழுங்குமுறைத் தலைவரும் அவரேதான். 1985-ல் ஆந்த்ரே ஷ்லைஃபர் இன்னொன்று சேர்த்தார்: ஊருக்கு ஒரு கடையானாலும் பரவாயில்லை, பக்கத்து ஊர்க் கடையோடு ஒப்பிட்டு விலை வை.

ஐரோப்பா இதை நிஜமாகவே செய்து பார்த்தது. பல நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்கள் சேர்ந்து, தங்கள் தங்கள் தொடரமைப்புக் கம்பெனிகளின் செலவு, கம்பி நீளம், மின்மாற்றி, நிலத்தின் தன்மை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டி, ஃபேரல் போட்ட அந்த எல்லைக் கோட்டை வரைந்தன. கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் மலை, உங்கள் ஊர் சமவெளி. எங்கள் ஊரில் சம்பளம் அதிகம். எங்கள் கம்பி பழசு. சண்டையில் பாதி நியாயமானது. ஆனால் சண்டை போடவாவது ஒரு எண் இருந்தது.

4

இங்கே என்ன நடந்தது?

ஒடிசா 1996-ல் முதல் ஆளாகத் தன் வாரியத்தைப் பிரித்தது. 1998-ல் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கான மத்தியச் சட்டம். 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ல் புதிய மின்சாரச் சட்டம். கட்டணத்தை எப்படி நிர்ணயிக்க வேண்டும் என்று சொல்லும் அதன் 61-ஆம் பிரிவு, செயல்திறனுக்குப் பரிசு தரும் கொள்கை வேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. தமிழ்நாடு அவசரப்படவில்லை. 2010 நவம்பர் 1 அன்றுதான் வாரியம் பிரிந்தது. உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ. பெரிய டவர்களும் கம்பிகளும் துணைமின் நிலையங்களும் டான்டிரான்ஸ்கோ, அதாவது தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகம்.

பிரிந்தது பெயரில்தான் அதிகம். டான்டிரான்ஸ்கோ கம்பியில் மின்சாரம் அனுப்பப் பெரும்பாலும் வாடகை தர வேண்டியது டான்ஜெட்கோ. இரண்டும் அரசுக் கம்பெனி. அக்கா கடையில் தங்கை சாமான் வாங்கிக் கணக்கு எழுதுகிற மாதிரி. 2024-ல் டான்ஜெட்கோ மேலும் பிரிந்த பிறகும் அடிப்படை அதுவே.

சரி, அளவுகோல் என்ன? மத்திய ஆணையம் வைத்திருக்கும் முக்கியமான கோலின் பெயர் அவெய்லபிலிட்டி, கிடைப்புத்தன்மை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பி வருஷத்தில் எத்தனை மணி நேரம் சேவையில் இருந்தது என்பது. ஏ.சி. கம்பிகளுக்கு இலக்கு 98 சதவீதம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 2 சதவீதம் என்றால் 175 மணி நேரம். அதற்குள் நின்றால் முழு வருமானம். அதைவிட நன்றாக ஓட்டினால் ஊக்கத்தொகை, 99.75 சதவீதத்துக்கு மேல் ஊக்கத்தொகை கிடையாது. எல்லாக் கம்பிக்கும் ஒரே எடை இல்லை. நீளமும் தாங்கும் திறனும் கூடக் கூட, கணக்கில் அதன் எடையும் கூடும். புயல், வெள்ளம் மாதிரி கம்பெனியின் கைமீறியவற்றைக் கழித்துவிடுவார்கள். 2016 வர்தாவில் சென்னையைச் சுற்றி டவர்கள் சாய்ந்ததே, அந்த மாதிரி நேரங்கள்.

பராமரிப்புச் செலவுக்கு இன்னொரு கோல். ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு இத்தனை லட்சம், துணைமின் நிலையத்தில் ஒரு பே-க்கு இத்தனை லட்சம் என்று அட்டவணை. அதற்குள் முடித்தால் மிச்சம் உனக்கு, தாண்டினால் உன் பாடு. ஃபேரல் இதைப் பார்த்தால் பாதி சந்தோஷப்பட்டிருப்பார். அட்டவணை கம்பெனிகளின் கடந்தகாலச் செலவிலிருந்து பிறக்கிறது. மத்தியத் தொடரமைப்பில் பவர்கிரிட் என்ற ஒரே பெரிய கம்பெனி மேலோங்கி நிற்கும்போது, அதன் பழைய செலவுதான் அதன் புதிய இலக்காகிறது. தன் நேற்றோடு தான் போட்டி.

முதலுக்கான லாபம் மட்டும் பழைய வழியிலேயே போகிறது. தமிழ்நாடு ஆணையத்தின் 2005 விதிகள் பங்கு முதலுக்கு 14 சதவீதம் தந்தன. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கம்பித் திட்டம் 100 கோடி. 70 கோடி கடன், 30 கோடி பங்கு. வருஷ லாபம் 4.2 கோடி. தாமதமாகி, வட்டி ஏறி, அதே திட்டம் 150 கோடியில் முடிந்தால் பங்கு 45 கோடி, லாபம் 6.3 கோடி. ஆணையம் தாமதத்துக்கான காரணத்தை விசாரித்து, கம்பெனியின் தவறு என்றால் கூடுதல் செலவை வெட்டலாம். ஆனால் தாமதமாவதற்குள் அந்தக் கம்பிக்காகக் காத்திருந்தவனுக்கு யார் கணக்கு வைத்திருந்தார்கள்?

டான்டிரான்ஸ்கோ லாபவெறியில் செலவை ஏற்றியது என்று நான் சொல்லவில்லை. கடனில் திணறும் அரசுக் கம்பெனிக்கு லாபம் ஒரு கேரட் இல்லை, குச்சியும் இல்லை. ஊக்கத்தொகை வந்தால் தரப்போவது தங்கை. அபராதம் கட்டினால் வாங்கப்போவதும் தங்கை. பிரிட்டனில் தனியார் கம்பெனியின் பேராசையைக் கட்டவும் தூண்டவும் செய்த கருவி, பேராசையே இல்லாத இடத்தில் என்ன வேலை செய்யும்?

5

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம்.

ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2000-ல் செயின்ட் கோபெயின் கண்ணாடி, 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கண்ணாடி உலையைச் சாயங்காலம் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. ஏற்றினால் பல வருஷம் இரவு பகலாக எரிய வேண்டும். வெல்டிங் ரோபோவுக்குக் கரண்ட் போக வேண்டியதுகூட இல்லை. ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் வோல்டேஜ் தாழ்ந்தால் போதும், லைன் நின்றுவிடும். மறுபடி ஆரம்பிக்க நேரம் பிடிக்கும். மணிக்கணக்கில் அளக்கிற கிடைப்புத்தன்மையில் இந்தக் கண்ணிமைப்பு பதிவாகாது.

ஸ்ரீபெரும்புதூரில் பவர்கிரிட்டின் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. 2003-ல் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்குச் சுமார் 1,370 கிலோமீட்டர் நீள நேர்மின் கம்பி வந்தது, 2,000 மெகாவாட் கொள்ளளவோடு. கோலாரிலிருந்து ஒரு கம்பி ஸ்ரீபெரும்புதூருக்கு. ஒடிசா நிலக்கரியின் ஒரு பங்கு இங்கே காராக மாறிக்கொண்டிருந்தது.

அது போதவில்லை. 2008 நவம்பரிலிருந்து உயர்அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கிட்டத்தட்ட விளக்குக்கு மட்டும்தான். ‘ஆர் அண்ட் சி’ என்று ஃபேக்டரிக்காரர்கள் சொல்லும் அந்தக் கட்டுப்பாடு 2015 வரை ஏறியும் இறங்கியும் நீடித்தது. முக்கியக் காரணம் உற்பத்தித் திட்டங்கள் தாமதமானதும் வாரியத்தின் பண நிலைமையும்தான். கம்பி மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் அதே வருஷங்களில் மேற்கிலும் கிழக்கிலும் விற்க மின்சாரம் இருந்தது. நம்மிடம் வாங்க ஆளும் இருந்தார்கள். மின்சாரச் சந்தையில் தென்னிந்தியாவுக்கு மட்டும் தனி விலை, எல்லாரையும்விட அதிக விலை. ஏனென்றால் கொண்டுவரக் கம்பி இல்லை.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா மொத்தமும் இருண்டது. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பு. தெற்கு தப்பித்தது. நம் மின்தொகுப்பு அவர்களோடு ஒரே தாளத்தில் இணையாமல், சில நேர்மின் இணைப்புகளால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். எந்தக் கம்பி இல்லாததால் நமக்குத் தினமும் கரண்ட் கட்டோ, அதே கம்பி இல்லாததால் அந்த இரண்டு நாள் நாம் தப்பித்தோம். நமக்கு அன்றைக்கு வழக்கமான கரண்ட் கட் மட்டும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி உயிர்பெற்றபோது இந்தியா ஒரே மின்தொகுப்பானது. ஜப்பானின் ஜைக்கா 2012-ல் தமிழ்நாட்டின் தொடரமைப்பை விரிவாக்க 6,000 கோடி யென்னுக்கு மேல் கடன் தர ஒப்பந்தம் போட்டிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வந்தது.

இப்போது அந்த 2012-ஐக் கிடைப்புத்தன்மைக் கோலால் அளந்து பாருங்கள். இருந்த கம்பிகள் மூச்சுமுட்ட ஓடின. நெரிசலில் தவிக்கும் கம்பிக்கும் கோலின் கண்ணில் நூற்றுக்கு நூறு கிடைப்புதான். அது சேவையில் இருக்கிறதே! வட்டாரங்களை இணைத்திருக்க வேண்டிய கம்பிக்கு 98 சதவீத இலக்கு கிடையாது. பூஜ்யம் மதிப்பெண்ணும் கிடையாது. அது பட்டியலிலேயே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்படாத பிள்ளை பரீட்சையில் ஃபெயிலாவதில்லை.

தெற்குக் கோடியிலும் இதேதான். முப்பந்தலிலும் கயத்தாறிலும் ஆடிக் காற்று அடிக்கும்போது காற்றாலைகளை நிறுத்தி வைக்க வேண்டிய நிலை வந்ததற்கு, வடக்கே கொண்டுவரப் போதிய கம்பி இல்லாததும் ஒரு காரணம். ஓடத் தயாராக இருந்த காற்றாலை ஒரு கோடியில். கரண்ட்டுக்காகக் காத்திருந்த என் அண்ணன் மறு கோடியில்.

6

இது வரைக்கும் எழுதிவிட்டு, ஆக வேகமாகக் கம்பி போட்டால் போதும் என்று முடித்திருப்பேன். ஆனால் டவருக்கு அடியில் ஒரு நிலம் இருக்கிறது.

மின்கம்பெனிக்கு டவர் நடும் அதிகாரம் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. 2003 சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக அரசு அந்த அதிகாரத்தை மின்கம்பெனிக்குக் கொடுக்கலாம். நிலத்தை எடுக்க வேண்டாம். பயன்படுத்திக்கொள்ளும் உரிமை போதும், சேதத்துக்கு இழப்பீடு கொடுத்தால் சரி. தந்திக் கம்பத்துக்கு எழுதிய சட்டம் அறுபது எழுபது அடி டவருக்கும், அதைத் தாண்டிய டவருக்கும் பொருந்திப் போனது. பயிர் சேதத்துக்குக் காசு கிடைக்கும். டவர் நின்றதால் நிலத்தின் விலை சரிந்ததற்கு நெடுங்காலம் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 2015-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் டவர் அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழ்ப்பட்ட பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2018-ல் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகப் போராடியது நினைவிருக்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் கம்பியும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. 2024-ல் புதிய வழிகாட்டுதல் அந்த 85-ஐ 200 ஆக்கியது, 15-ஐ 30 ஆக்கியது.

இதைத் திறன் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரிக் கம்பி, ஒரே நீளம். விவசாயிக்குக் குறைவாகக் கொடுத்த கம்பெனியின் கிலோமீட்டர் செலவு குறைவு. எல்லைக் கோட்டில் ஜம்மென்று நிற்கும். நியாயமாகக் கொடுத்த கம்பெனி திறன் குறைந்ததாகத் தெரியும். செலவு மறையவில்லை. கம்பெனியின் புத்தகத்திலிருந்து விவசாயியின் நிலத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரகடம் பக்கம் செண்டு விலையைக் கேட்டவர்களுக்கு டவர் விழுந்த துண்டு நிலம் என்றால் என்னவென்று தெரியும்.

7

அப்படியென்றால் அளக்கவே வேண்டாமா? அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மீட்டர் இல்லாத பம்ப்செட்டும், எங்கே போனதென்று தெரியாத யூனிட்டும் அந்தக் காலத்துச் சொத்து.

அளவுகோலைக் கூட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இந்தியாவுக்கு ஐரோப்பாவுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. ஒரே சட்டம், ஒரே மாதிரிக் கணக்குமுறை, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு தொடரமைப்புக் கம்பெனி. இட்லிக் கடைகள் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் 230, 110 கிலோவோல்ட், ஆந்திரத்தில் 220, 132 என்பது மாதிரி வேறுபாடுகளைச் சரிக்கட்ட வேண்டும். கடற்கரை உப்புக்காற்று, புயல், நிலவிலை எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும். முடியாத வேலை இல்லை. 2011-லிருந்து மாநிலங்களுக்கு இடையிலான புதிய கம்பிகளை ஏலத்தில் விடுவது பொது விதியானபோது, அதுவும் ஒரு அளவுகோலாகவே ஆனது: இதே வேலையை இன்னொருத்தர் என்ன விலைக்குச் செய்வார் என்று கேட்டுப் பார்ப்பது.

அதோடு இரண்டு கணக்குகள் சேர வேண்டும். ஒன்று, நெரிசலின் கணக்கு: கம்பி போதாததால் எத்தனை யூனிட் வாங்க முடியாமல் போனது, எத்தனை யூனிட் காற்று வீணானது. வருஷா வருஷம் அந்த எண் கம்பெனியின் மார்க் ஷீட்டில் ஏற வேண்டும். இன்னொன்று, நிலத்தின் கணக்கு: செலவைக் குறைத்தோம் என்று சொல்லும்போது, யாருக்குக் கொடுக்காமல் குறைத்தோம் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் கேட்பது? சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி கட்டண விண்ணப்பத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் கருத்தும் ஆட்சேபமும் சொல்லலாம். தமிழ்நாடு ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கேட்கிறார்கள். நியாயம்தான், பில் கட்டுகிறவன் அதைத்தான் கேட்பான். தொடரமைப்புக் கம்பெனியின் விண்ணப்பம் யாருக்கும் சுவாரசியமில்லாத இரண்டாவது கட்டாகக் கிடக்கும். எந்தக் கம்பியை ஏன் இன்னும் போடவில்லை என்ற பதிலைத் தேட வேண்டிய இடம் அந்தக் கட்டுதான்.

அண்ணன் இப்போது வேறு கம்பெனியில் சூப்பர்வைசர். கரண்ட் கட் கதைகளைப் புது ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். போன மாதம் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தொண்ணூற்றெட்டு சதவீதம், ஃபேரல், இட்லிக் கடை. பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ அந்த வருஷம் அவங்க கணக்குப்படி எல்லாம் சரியா இருந்திருக்கும்னு சொல்ற.”

“நின்ன கம்பி வரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கும்ணே.”

“நான் நின்னது?”

அதற்கு ஒரு கோலை இன்னும் யாரும் செய்யவில்லை என்று சொன்னேன்.